தலைக்கு மேலே ஒரு ரேடியேட்டர்

(நம் சங்கத்தின் சென்ற காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நேரம் போதாமல் விட்ட இரண்டொரு கணக்கையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வீட்டு அழகும் வசதியும்’. நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கடன் ஃபைல்களைப் பல வருஷம் புரட்டியதால் ஒன்று மட்டும் தெரியும்: ஜனங்கள் வீட்டில் எதற்குப் பணம் போடுகிறார்கள், எதற்குப் போடுவதில்லை என்பது. அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறேன்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் என் அண்ணன் மகள் குடியிருக்கிறாள். போன வருஷம் அவள் வீட்டு ஹாலில் புது ரேடியேட்டர் மாட்டி, போட்டோ அனுப்பியிருந்தாள். ரேடியேட்டர் என்றால் நமக்கு லாரி, பஸ் ஞாபகம்தான் வரும். அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க, சுவரில் ஒரு இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். பாய்லரில் காய்ந்த வெந்நீர் குழாய் வழியாக அதற்குள் ஓடித் திரும்பும். 1850களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சான் கல்லி என்பவர் செய்தது என்று சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலையில் கிடக்கிற சாமானாகத்தான் இருந்தது. இப்போது அதற்கும் ஸ்டைல் வந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு நிற்பது, நிலைக்கண்ணாடி பதித்தது, துண்டு காயப்போடும் ஏணி மாதிரி ஒன்று, கரி நிறம், வெண்கல நிறம், பளபளவென்று குரோம் பூசியது என்று விதவிதமாக விற்கிறார்கள்.

அவள் சொன்ன ஒரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. குரோம் பூசிய ரேடியேட்டர் பார்க்க அழகு, ஆனால் அதே அளவுள்ள பெயிண்ட் அடித்த ரேடியேட்டரைவிட வெப்பம் குறைவாகத்தான் தரும். கடைக்காரர்களே சொல்லித்தான் விற்கிறார்களாம். காரணம் நம் வீட்டு பிளாஸ்கில் இருக்கிறது. பிளாஸ்க் குப்பியின் உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறதே, அந்த மினுமினுப்பு வெப்பத்தை லேசில் வெளியே விடாது. பளபளப்பான உலோகம் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பெயிண்ட் அடித்த பரப்பு தாராளமாக வெளியே விடும். இதில் நிறம் ஒரு பொருட்டே இல்லை. வெள்ளை பெயிண்ட் ஆனாலும் கறுப்பு பெயிண்ட் ஆனாலும் வெப்பத்தை வெளிவிடுவது ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலை வாங்குவதில்தான் வெள்ளைக்கும் கறுப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டும்.

‘தென்காசியில் உட்கார்ந்துகொண்டு ரேடியேட்டர் எதற்கு?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஐயா. தலைக்கு மேலேயே இருக்கிறது. கான்கிரீட் தட்டட்டி.

கணக்காகச் சொல்கிறேன். 1,000 சதுர அடி தட்டட்டி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். சித்திரை மாதத்து உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட். ஆக, நண்பகலில் நம் வீட்டு உச்சியில் 90 கிலோவாட் விழுகிறது. லீட்ஸ் வீட்டு அறையில் இருக்கிற ரேடியேட்டர் ஒன்று, ஒன்றரை கிலோவாட் தரும். அந்த மாதிரி அறுபது ரேடியேட்டரைத் தட்டட்டியில் பரப்பி வைத்ததற்குச் சமம். அழுக்கேறிய சிமென்ட் தளம் அதில் மூன்றில் இரண்டு பங்கையாவது வாங்கிக்கொள்ளும்.

வாங்கியதை என்ன செய்யும்? ஐந்து அங்குலக் கான்கிரீட் 93 சதுர மீட்டருக்கு 29 டன் எடை. 29 டன் கான்கிரீட் பத்து டிகிரி சூடேறினால் அதற்குள் 70 யூனிட் வெப்பம் சேர்கிறது. கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். இது ஃபிக்சட் டெபாசிட் மாதிரி. பகலில் போடுகிறோம், உடனே கைக்கு வராது. மேல்பக்கம் வாங்கிய சூடு கீழ்ப்பக்கம் இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். அதனால்தான் நண்பகலில் வீட்டுக்குள் ‘பரவாயில்லையே’ என்று இருக்கிறது. ராத்திரி ஏழு மணிக்குத் தெருவில் காற்று ஜில்லென்று வீசும்போது, படுக்கையறையில் அனல் இறங்குகிறது. நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. கூரை அதைவிடச் சூடாக இருந்தால், அது நம்மைப் பார்த்துக் காய்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறி என்ன செய்யும்? கூரையை ஒட்டி நிற்கிற சூட்டுக் காற்றை இறக்கி நம் மேல் கொட்டும். ‘ஃபேன் அனலா அடிக்குது’ என்கிறோம். ஃபேன் மேல் குற்றமில்லை.

நம் ஊரில் இதைப் பேசினால் ஒரு பதில் தயாராக வரும். “நமக்கென்ன சார், குற்றாலம் பக்கத்துல இருக்கு.” சரிதான். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை. ஆனால் சாரல் என்பது மூன்று மாதம். மாசிக் கடைசியில் இருந்து வைகாசி வரைக்கும் பேரருவிப் பாறை காய்ந்து கிடக்கிறபோது நம் வீடு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. மலை மேற்கே இருப்பதால் குற்றாலத்தில் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும், அது ஒரு சலுகை. ஆனால் அதற்குள் தட்டட்டி தன் டெபாசிட்டைப் போட்டு முடித்திருக்கும்.

நம் தாத்தா பாட்டி வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, நடுவே வானவெளி. முன்வாசலில் நின்றால் புறவாசல் தெரியும். மேலே ஓடு. ஓட்டுக்கு ஓடு இருக்கிற இடுக்கு வழியாகச் சூடு தானாக மேலே போய்விடும், ஓடும் கனமில்லாததால் பொழுது சாய்ந்த அரை மணியில் ஆறிவிடும். வசதியானவர்கள் கட்டக்குத்து மச்சு போட்டார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். அந்தக் கனத்துக்கு வெயில் கீழே வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பார் என் அப்பா. கொஞ்சம் மிகைதான். நம் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எந்த நேரமும் காற்று ஆளைத் தள்ளுகிறதே, அதுவும் இதே பாடம்தான்: வெளியில் பெரிய வெட்டவெளி, நடுவே ஒரே வழி, காற்று நெருங்கி நுழைகிறபோது வேகமெடுக்கிறது. இன்றைக்கு நாம் மதிலை ஒட்டி வீட்டைத் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி, நடுவில் பூனை போகிற சந்துதான் மிச்சம்.

பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஓட்டு வீட்டில் தேள் விழும், மழையில் ஒழுகும், பெண்கள் அடுக்களைப் புகையில் கிடந்தார்கள். அதெல்லாம் வேண்டாம். கான்கிரீட்டிலேயே வழி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார், இங்கிலாந்தில் பிறந்து இந்தியராகவே வாழ்ந்து 2007இல் மறைந்தார். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் சுமை தாங்குவதில்லை என்று கண்டு, அந்த இடத்தில் இரண்டிரண்டு மங்களூர் ஓட்டை உள்ளே காற்று இருக்கும்படி சேர்த்து வைத்துத் தளம் போட்டார். சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறைவு. கீழே இருந்து பார்த்தால் வரிசையாகச் செங்காவி ஓடுகள், அதுவே அலங்காரம். புதிதாகக் கட்டப்போகிறவர்கள் இன்ஜினியரிடம் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசும் 2018இல் வீடுகளுக்கென்றே ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. நான் பார்த்த எஸ்டிமேட் ஒன்றிலும் அந்தப் பேச்சே இருந்ததில்லை.

எஸ்டிமேட்டில் என்ன இருக்கும்? எலிவேஷன். இன்றைக்கு வீட்டின் முகப்புக்கு லட்சக்கணக்கில் போடுகிறார்கள். கரும்பலகை நிறத்தில் கல் ஒட்டுகிறார்கள், மேற்கு பார்த்த சுவரில் முழுக் கண்ணாடி வைக்கிறார்கள், அலுமினியத் தகடு பொருத்தி உள்ளே விளக்குப் போடுகிறார்கள். இரவில் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. ஆசைப்பட்டுக் கட்டுகிறவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் லீட்ஸ்காரர்கள் அழகுக்காகச் செலவழித்தாலும் அது வெப்பம் தருகிற சாமானுக்கே செலவாகிறது. நம் ஊரில் ரேடியேட்டர் மேலே இருக்கிறது, அலங்காரமெல்லாம் முன்னால் இருக்கிறது. தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தட்டட்டி தெரியாது, அதனால் அதற்கு ஒரு ரூபாயும் கிடையாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பகுதியில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிற ஆச்சி ஒருவருக்குப் போன ஏப்ரலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தனியாக இருப்பவர். காலையில் பால்காரர் தட்டியும் கதவு திறக்கவில்லை. திறந்து பார்த்தால் நாக்கு உலர்ந்து, ஆளை அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாள் டிரிப் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். வெளியே போய் வெயிலில் நின்றவர் இல்லை அவர். வீட்டுக்குள், ராத்திரியில், ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தவர். பகல் சூட்டை உடம்பு ராத்திரியில்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும். கூரை அதற்கு விடவில்லை என்றால், வயதானவர்களுக்கு இரண்டு மூன்று ராத்திரியிலேயே உடம்பு தாங்காமல் போய்விடும். தாகமும் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ‘வெக்கையா இருக்கு’ என்று புகார் சொல்லவும் மாட்டார்கள், வாடகை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது, பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். தட்டட்டி வீட்டுக்காரருடையது, சூடு குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், அவருக்கு மேலே ஒரு மாடி குடையாக இருக்கிறது. வெள்ளையடித்தால் செலவு அவருக்கு, பலன் மாடிக்காரருக்கு. குடியிருப்பவரோ, ‘அடுத்தவர் வீட்டுக்கு நான் ஏன் பெயிண்ட் அடிக்க வேண்டும்’ என்று நினைப்பார். இரண்டு பேர் நினைப்பிலும் கணக்குப்படி தப்பில்லை. அதனால்தான் இது சங்கத்துக்கு வரவேண்டிய விஷயம் என்கிறேன்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. தட்டட்டியை வெள்ளையாக்குவது. முதலில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை பெயிண்ட் வெயிலை வாங்காது, வாங்கியதையும் ராத்திரியில் வானத்துக்குத் தாராளமாக விட்டுவிடும். இரண்டு குணமும் சேர்ந்திருப்பது அதில்தான். புதுசாக அடித்த நல்ல வெள்ளை, வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே எடுக்கும். பளபளக்கும் தகரத்துக்கு இரண்டாவது குணம் கிடையாது. வெயிலில் நிறுத்திய பைக்கின் குரோம் பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே தட்டட்டியில் தகரக் கொட்டகை போட்டவர்கள் கவனிக்க: நாலு பக்கமும் திறந்து, உயரமாக, காற்றோட்டமாக இருந்தால் அது கான்கிரீட்டுக்குக் குடை, நல்லதுதான். அதையே சுவர் வைத்து அடைத்து அறையாக்கி வாடகைக்கு விட்டால் அது அடுப்பு. தகரத்தின் மேலும் வெள்ளை அடிக்கலாம்.

மூன்று வழி இருக்கிறது. மலிவானது சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து இரண்டு மூன்று கை அடிப்பது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. ஒவ்வொரு வருஷமும் அடிக்க வேண்டும். அடுத்தது கடையில் விற்கிற கூல் ரூஃப் பெயிண்ட். நான் விசாரித்த வரையில் கூலியோடு சதுர அடிக்கு இருபது ரூபாய்ப் பக்கம் கேட்கிறார்கள், சில வருஷம் நிற்கும், பொடி வெடிப்பில் ஒழுகுவதையும் தடுக்கும். மூன்றாவது வெள்ளை ஓடு. செலவு அதிகம், காலத்துக்கும் நிற்கும், ஆனால் மழையில் வழுக்கும். சொரசொரப்பானதாகக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, மெட்ராஸ் கம்பெனி விளம்பரத்தில் இது வராது. இங்கே சாரல் ஈரத்தில் பாசி பிடிக்கும். குற்றாலம், இலஞ்சிப் பக்கம் ஒரே சீசனில் வெள்ளை கறுப்பாகிவிடும். கறுத்துப்போன வெள்ளையால் பிரயோஜனம் இல்லை. அதனால் மழைக்கு முன்னால் அடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு, தை கடைசி அல்லது மாசியில் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடியுங்கள். பங்குனி, சித்திரைக்கு வெள்ளை புத்தம் புதிதாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அப்போதுதான். இன்னொன்று, 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதில் இருந்து பலருக்குத் தட்டட்டித் தண்ணீர் தொட்டிக்குப் போகிறது. அடித்த பிறகு வருகிற முதல் இரண்டு மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள்.

பலன் எவ்வளவு? வெயில் நேரத்தில் தளத்தின் மேல்பக்கச் சூடு பத்து, பதினைந்து டிகிரி குறையும். அறைக்குள் இரண்டு முதல் நாலு டிகிரி. நாலு டிகிரிதானா என்று கேட்காதீர்கள். ஏசி ரிமோட்டில் 24க்கும் 28க்கும் உள்ள வித்தியாசம் அது.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பில் கணக்கு. இரண்டு மாதத்தில் மற்றதெல்லாம் சேர்த்து 220 யூனிட் ஓடுகிற வீடு. ஏசி இரவுக்கு ஐந்து யூனிட் என்றால் 60 நாளில் 300. மொத்தம் 520. 500ஐத் தாண்டியதும் அந்த இருபது யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் அடுக்கில் கிடைத்து வந்த சலுகையும் போய்விடும். கூரைச் சூடு குறைந்து ஏசி இரவுக்கு நாலு யூனிட்டில் நின்றால் மொத்தம் 460. கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்துவிடலாம். இடையில் ஒன்று: ஏசியின் வெளிப்பெட்டியும் ஒரு ரேடியேட்டர்தான். அதைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக வைக்காமல் இருப்பது நல்ல உறவுக்கு நல்லது. நம் சங்கத்துக்கு வந்த புகார்க் கடிதங்களில் பாதி இதுதான்.

அரசாங்கங்களும் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. தெலங்கானாவில் 2023இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்று வந்தது. 600 சதுர கஜத்துக்கு மேல் மனை உள்ள வீடுகளுக்கு அங்கே அது கட்டாயம். நம் மாநிலத்தில் 2024இல் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்தார்கள். நமக்கு ஆணை வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

என் கோரிக்கை இது. தை பிறந்ததும் சங்கம் மொத்தமாகப் பெயிண்ட் வாங்கட்டும், ஆள் பேசட்டும். மொத்தமாக எடுத்தால் விலை குறையும். தனியாக வசிக்கும் முதியவர்கள் இருக்கிற மாடிப் போர்ஷன்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு வீட்டுக்காரர் பாதி, சங்க நிதி பாதி. விருப்பமுள்ள வீட்டுக்காரர்கள் முழுவதும் தரலாம். குடியிருப்பவரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது, அதைக் காட்டி வாடகையும் ஏற்றக் கூடாது. இதைத் தீர்மானத்தில் எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் சிலர் கேட்டவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தளத்தில் வடாம், மிளகாய் காயுமா என்று ஒரு சகோதரி கேட்டார். காயும், வெயில் அதே வெயில்தான். துணி விரித்துப் போடுங்கள், கண் கூசும், தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் வீடு ரொம்பக் குளிர்ந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். அந்த நாட்களில் மேகம்தான் வெயிலைத் தடுக்கிறது, தளம் வெள்ளையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. முகப்புக்குப் போட்ட கறுப்புக் கல்லை என்ன செய்வது என்று இன்னொருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். கிழக்கு, வடக்குப் பக்கம் என்றால் விட்டுவிடுங்கள். மேற்குப் பக்கம் என்றால் முன்னால் ஒரு வேம்போ புங்கையோ வையுங்கள், மூன்று நாலு வருஷத்தில் அது கல்லை மறைத்துவிடும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தட்டட்டியின் சதுர அடியையும், மேலே யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் எழுதி, மார்கழி முடிவதற்குள் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். அளக்கத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், டேப்போடு நானே வருகிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால்.